களத்தில் ஏறிய வெள்ளை ஷூ

என் தங்கை ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றாள். அதற்காக ஒரு படக்கதைப் புத்தகம் அச்சடித்தோம். அதில் அவள் மூன்றே படங்களில்தான் வருவாள். ஒரு படத்தில் மோர் கொடுப்பாள். ஒரு படத்தில் கும்பிடுவாள். இன்னொரு படத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். பேச்சு எழுதவேண்டிய பலூன் காலியாக இருக்கும். மற்ற படங்களில் எல்லாம் அவள் புருஷன்தான். வேட்பாளர் யார் என்று தெரியாமல் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவன், மோர் கொடுக்கிற பெண்ணை வேலைக்காரி என்றுதான் நினைப்பான்.

வரைந்தது நான்தான். ஒடுகத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆரி வேலை செய்கிறவளுக்கு வரையத் தெரியாமல் முடியாது. கல்யாணப் பெண்களின் ரவிக்கை முதுகில் மயில், யானை, பல்லக்கு எல்லாம் போடுவேன். சில பேர் மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் போடச் சொல்வார்கள். கட்டிக்கப்போகிறவனை ஏன் இப்போதே முதுகில் சுமக்கிறாய் என்று கேட்டால் வியாபாரம் போய்விடும். அதனால் கேட்கமாட்டேன். இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஜவ்வாது மலையில் பிறந்தவர்கள். நான் கல்யாணமாகிக் கீழே இறங்கிவிட்டேன். தங்கை மலையிலேயே வாழ்க்கைப்பட்டாள். அவள் புருஷனுக்குப் புளி வியாபாரம். மலையில் புளியை வாங்கிப் பிக்கப் வண்டியில் ஏற்றி ஒடுகத்தூர் மண்டிக்குக் கொண்டுவருவார். வண்டியின் பின்னால் 'வருங்காலத் தலைவர்' என்று எழுதி வைத்திருந்தார். எதற்குத் தலைவர் என்று எழுதவில்லை. ஊராட்சிக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த முறை தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை, சாப்பாட்டை மட்டும் விடவில்லை என்று தங்கை சொன்னாள். அப்புறம் ஒரு நாள் என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, நம்ம தலைவரா நிக்கிறோம்."

"நம்மன்னா யாரு மாப்ளே?"

"நம்மதான். பேரு மட்டும் உங்க தங்கச்சி பேர்ல இருக்கும்."

"மனை வாங்கற மாதிரி சொல்றீங்க."

"அதே மாதிரிதான் அண்ணி" என்றார். அவருக்கு எதுவும் உறைக்காது.

தங்கை ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தபோது அவளிடம் தனியாகக் கேட்டேன்.

"உனக்கு நிக்க இஷ்டமாடி?"

"இஷ்டம்தான்க்கா. ரேசன் கடை பூட்டிக் கெடந்தா யாரப் போயி கேக்கறதுன்னே தெரியல. தலைவரானா நானே கேக்கலாம்ல." துணியை மடித்தாள். "ஆனா சீட்டுல அவருதான் உக்காருவாரு. பக்கத்து பஞ்சாயத்துல அப்பிடித்தான கீது. அந்தம்மா கையெழுத்துப் போட மட்டும் வருது."

"நீ வுட்டாத்தான உக்காருவாரு."

"நீ ஒரு மாசம் வந்து குடும்பம் நடத்திப் பாருக்கா. அப்புறம் சொல்லு" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் தேர்தலில் எனக்கு ஒரே கவலைதான். ஜெயிக்கிறது தோற்கிறது அப்புறம். ஜெயித்தால் அந்த நாற்காலியில் என் தங்கை உட்காருவாளா, இந்தப் புளி மூட்டை உட்காருமா?

படக்கதை யோசனை மாப்பிள்ளையின் செல்போனிலிருந்து வந்தது.

"வெளிநாட்டுல எலக்சன் எப்பிடி நடக்குது தெரியுமா அண்ணி? ஒரு வருசம், ரெண்டு வருசம் முன்னாடியே ஆரம்பிச்சிடறான். நம்மாளுங்க மாதிரி கடைசி நாலு நாள் கத்திட்டுப் போறதில்ல. நிக்கிற ஆளப் பத்தி காமிக்ஸ் புக்கே போடறான். தோ பாருங்க."

பார்த்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர். பூசணிக்காய் மாதிரி தலை, கத்தரிக்காய் மாதிரி மூக்கு, குச்சி மாதிரி கால். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"மாப்ளே, இது அந்தாளக் கிண்டல் பண்ணிப் போட்டது."

"இன்னா அண்ணி நீங்க. எவ்ளோ பெரிய மண்டையா போட்டுக்கீறான் பாருங்க. பெரிய ஆளுன்னு காட்டறான்."

நான் விட்டுவிட்டேன். தன் தலையையும் அதே அளவுக்குப் போடச் சொன்னார். போட்டேன். அதில் எனக்குக் கஷ்டமே இல்லை.

புத்தகம் வரைய ரொம்ப நாள் ஆனது. மண்டிக்கு வரும்போதெல்லாம் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். அளவு கொடுக்க வந்த பெண்கள் திரும்பிப் போனார்கள். வெளியே போய் உட்காருங்கள் என்றேன். வெளியே உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தன் வரலாற்றைச் சொன்னார். தெருவே கேட்டது.

"நான் பொறந்தப்ப ஒரு வெளிச்சம் வந்துச்சுன்னு போடுங்க அண்ணி."

"உங்கம்மா அப்பிடியா சொன்னாங்க?"

"கரண்டு வந்துச்சுன்னு சொன்னாங்க. போயிருந்த கரண்டு நான் பொறந்த நேரத்துலதான் வந்துச்சாம்."

தொட்டிலுக்கு மேல் ஒரு குண்டு பல்பு போட்டேன்.

அடுத்து, கரடியோடு சண்டை போட்ட கதை. நடந்தது மலையில் எல்லாருக்கும் தெரியும். இவர் புளி உலுக்கப் போனார், கரடி பலாப்பழம் தின்ன வந்தது. ஒன்றை ஒன்று பார்த்ததும் கரடி கிழக்கே ஓடியது, இவர் மேற்கே ஓடினார். நான் அப்படியே போட்டேன். ஒப்புக்கொள்ளவில்லை. கரடி மட்டும் ஓடுகிற மாதிரி மாற்றச் சொன்னார். மாற்றினேன். யானை போட்டுப் பழகிய கைக்குக் கரடி நன்றாக வந்தது. அந்தப் புத்தகத்திலேயே உருப்படியான முகம் அந்தக் கரடிக்குத்தான்.

இன்னொரு பக்கத்தில் காவலூரில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிற வெள்ளைக் கூண்டு இருக்கிறதே, அதைத் தனக்குப் பின்னால் போடச் சொன்னார்.

"அத நீங்களா கட்டினீங்க?"

"கட்டினேன்னு எங்கயாச்சும் எழுதச் சொன்னேனா? பக்கத்துல நிக்கிறேன். அவ்ளோதான்."

எல்லாப் படத்திலும் காலில் வெள்ளை ஷூ இருக்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். புதிதாக வாங்கியிருந்தார். தலைவர் என்றால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூவாம். ஓடையைத் தாண்டுகிற படத்தில் ஷூ. மரத்தில் ஏறுகிற படத்திலும் ஷூ. தொட்டில் படத்தில் மட்டும்தான் இல்லை. அதற்கும் கேட்டிருப்பார், நான் முறைத்தேன்.

சண்டை வந்தது கடைசிப் பக்கத்துக்கு. சாமை அடிக்கிற களம். பின்னால் சாமைக் குவியல், ஓரத்தில் ஒரு புளியமரம், சுற்றிலும் சனம். நடுவில் இவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் வெறுங்காலோடு போட்டு வைத்திருந்தேன்.

"ஷூவ வுட்டுட்டீங்க அண்ணி."

"களத்துல ஷூவா? நீங்க மலையிலதான பொறந்தீங்க?"

தானியம் அடிக்கிற களத்தில் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள். மலையில் சாமைக்கும் அப்படித்தான், கீழே நெல்லுக்கும் அப்படித்தான். குவியல் இருக்கும்போது சின்னப் பிள்ளைகூட ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் ஏறும். அவருக்கும் இது தெரியும். அவரே அடுத்தவனை இதற்காகத் திட்டியிருக்கிறார்.

"படம்தான அண்ணி. வெறுங்கால்ல நின்னா தலைவர் மாதிரியே இல்ல. கூலிக்கு வந்தவன் மாதிரி கீது."

"படத்துல கீற சாமிய மட்டும் கும்பிடறீங்க? அதுவும் படம்தான."

சிரித்தார். ஷூவைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். அந்தப் பக்கம் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை பாதியில் கிடந்தது. நான் ஷூவைப் போட்டுக் கொடுத்தேன். லேஸ் முடிச்சுகூடப் போட்டேன். போய்த் தொலையட்டும் என்று இருந்தது.

அச்சடித்தவர் ஒடுகத்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர். அவரிடம் மஞ்சள் மை பாதியில் தீர்ந்துவிட்டது. மண் நிறத்தில் இருக்கவேண்டிய களம் சாம்பல் நிறத்தில் வந்தது. என் தங்கையின் பலூனில் என்ன எழுத என்று அவர் போன் பண்ணினார். மாப்பிள்ளையைக் கேட்டேன். "அவளுக்கு இன்னா வசனம்? அப்புறம் சொல்றேன்" என்றார். அப்புறம் சொல்லவில்லை. முகூர்த்த மாதம். அச்சகக்காரர் காத்திருக்கவில்லை, காலியாகவே அடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். சின்னம் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கும் ஒரு காலிக் கட்டம்.

மாப்பிள்ளை புத்தகக் கட்டுகளை வண்டியில் ஏற்றி, மேலே ஒலிபெருக்கி கட்டி, மலை முழுக்கச் சுற்றினார். தேர்தல் அடுத்த மாதம் என்றார்கள். பிறகு வார்டு பிரிக்கவேண்டும் என்றார்கள். பிறகு யாரோ வழக்குப் போட்டார்கள். பிறகு மழை. தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது.

"வெளிநாடு மாதிரியே ஆயிடுச்சு பாத்தீங்களா" என்று மாப்பிள்ளை சந்தோஷப்பட்டார். கொஞ்ச நாளில் தொண்டை கட்டியது. வண்டியோடு சுற்றின ஆட்கள் டீயும் போண்டாவும் தின்று கொழுத்தார்கள். அவருக்குத் தொண்டை வற்றியது.

ஆனால் புத்தகத்தை மட்டும் சனம் விடவில்லை. வேலை முடிந்து உட்காரும்போது ஒருத்தர் படிக்க மற்றவர்கள் திருத்துவார்களாம். "கரடி அந்தாண்ட ஓடலப்பா. இவன்தான் அந்தாண்ட ஓடினான். நான் பாத்தேன்." இப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும் என்று தங்கை சொன்னாள்.

ஒரு நாள் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகம். ஒரு ஊர்ப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் சரத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். என் தங்கையின் காலிப் பலூனுக்குள் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார்கள்:

"மாமா, ஷூவ கழட்டு."

எனக்கு வந்த சிரிப்பில் ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டது.

"சிரிக்காதீங்க அண்ணி. எல்லா ஊர்லயும் எழுதிட்டானுங்க" என்றார்.

அதற்கு அடுத்த வாரம், புளியமரக் களம் வைத்திருக்கிற ஒரு ஊரிலிருந்து ஆள் வந்தது. ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊரின் வழக்குகளைத் தீர்க்கிறவர், கூப்பிட்டு அனுப்பியிருந்தார். களத்தில் ஷூவோடு ஏறியதற்குப் பதில் சொல்லவேண்டும். மாப்பிள்ளை அன்றைக்கே முதுகுப் பிடிப்பு என்று படுத்துவிட்டார். தங்கை போன் பண்ணினாள்.

"நான் போறேன்க்கா. புக்குல படம் போட்டவளும் வரணுமாம்."

கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரி என்னையா என்று கேட்டாள்.

களத்து ஓரத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர்க்கவுண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினார்.

"இது இன்னா?"

"களம்."

"இது?"

"சாமை."

"கால்ல இன்னா?"

"ஷூ. அது வெறும் படம்ங்க."

"வெறும் படமா? உம் புருசன் போட்டோவ நான் மிதிச்சா ஒத்துக்குவியா?"

"தாராளமா மிதிங்க" என்றேன்.

ஊர் சிரித்துவிட்டது. ஊர்க்கவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. எந்த ஊரு களத்தப் பாத்து போட்ட?"

"எந்த ஊரையும் பாக்கல. சும்மா போட்டேன்."

"சும்மான்னு ஒரு களம் எங்க கீது? ஓரத்துல புளியமரம் கீது. எங்க களத்துலயும் ஓரத்துல புளியமரம் கீது. அப்ப இது எங்க களம்."

அதோடு வழக்கு முடிந்தது. தீர்ப்பு வழக்கமானதுதான். களத்தை மிதித்தவன் வீட்டார் வந்து சாணி போட்டுக் களத்தை மெழுகித் தரவேண்டும், ஒரு படி சாமை வைத்துக் கும்பிடவேண்டும், ஊரோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும். "குத்தம் பண்ணவரு வரல. அவரு வூட்டுக்காரி மெழுவட்டும். படம் போட்டவளும் மெழுவட்டும்."

நான் சண்டை போடப் போனேன். தங்கை அதற்குள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு சாணிக் கூடையைத் தூக்கிவிட்டாள்.

சாணி மெழுகுவது எனக்கு மறந்துபோயிருந்தது. ஆரி ஊசி பிடிக்கிற கை. முழங்கால் வலித்தது, இடுப்பு வலித்தது, வாய் மட்டும் வலிக்கவில்லை, அதனால் திட்டிக்கொண்டே மெழுகினேன். தங்கை பேசாமல் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்துக்கொண்டு போனாள். முதலில் ஊர்ப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி பக்கத்தில் குந்தினாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி வுடு. இல்லன்னா வெடிச்சுடும்."

"உங்க ஊர்ல தண்ணி வுடற அளவுக்கா கீது?" என்று தங்கை கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அந்தப் பெண் தண்ணீர்க் கதையை ஆரம்பித்தாள். இன்னொருத்தி குந்தி பாமாயில் கதையைச் சொன்னாள். பிரசவ வலி வந்தவளை எப்படித் தூக்கிக்கொண்டு போனோம் என்று மூன்றாமவள். கை பாட்டுக்கு மெழுகியது. தங்கை ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். வேட்பாளர்கள் எல்லாம் தார் ரோட்டோடு வண்டியை நிறுத்தி மைக்கில் கத்திவிட்டுப் போகிறவர்கள். பக்கத்தில் குந்தி "அப்புறம்?" என்று கேட்ட ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. களம் முடிந்தும் பேச்சு முடியவில்லை.

விஷயம் மலையில் பரவியது. அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்தது.

"எங்க களத்துலயும் புளியமரம் கீது. அவமானம் எங்களுக்குத்தான்."

இந்த மலையில் எந்தக் களத்தில் புளியமரம் இல்லை? ஒவ்வொரு ஊராக அவமானத்தைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு ஊரில் படத்தில் இருக்கிற கிளையை எண்ணித் தங்கள் மரத்துக் கிளையோடு ஒத்துப் பார்த்து வைத்திருந்தார்கள். புளியமரமே இல்லாத ஒரு ஊரில், படத்தில் களம் சாம்பல் நிறமாக இருக்கிறது, எங்களுடையது பாறைக் களம், அதனால் இது நாங்கள்தான் என்றார்கள். மஞ்சள் மை தீர்ந்துபோன கதையைச் சொன்னேன். "மை தீர்ந்தா அவன் பாடு. பாறை பாறைதான" என்று சொல்லிவிட்டார்கள். பாறையை மெழுகினோம். பாறையை மெழுகுகிற அறிவாளிகளை நீங்கள் பார்க்கவேண்டும் என்றால் அன்றைக்கு அங்கே வந்திருக்கவேண்டும்.

அவர்களுக்கு அவமானத்தில் அவ்வளவு அக்கறை ஏன் என்று எனக்குத் தெரியும். சாமை அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. எப்படியும் களத்தை மெழுகித்தான் ஆகவேண்டும். சும்மா இரண்டு ஆள் கிடைத்தால் விடுவார்களா? இதைத் தங்கையிடம் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள். "ஆனா மெழுவறப்ப எல்லாம் பேசறாங்கல்ல."

வண்டி போகாத ஊர்களுக்கும் நடந்தே போனாள். நான் வாரத்துக்கு ஒரு நாள் போய்த் துணைக்கு மெழுகினேன், மீதி நாளில் அவளே போனாள். ஆரம்பத்தில் எல்லாரும் "புளிக்காரர் பொண்டாட்டி" என்றார்கள். பிறகு "மெழுவ வந்த பொண்ணு" என்றார்கள். போகப் போகப் பேரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வெளியே தலைகாட்டவில்லை. எங்கே போனாலும் காலைப் பார்க்கிறார்கள் என்று வீட்டிலேயே கிடந்தார். முதுகுப் பிடிப்பு ஆறவே இல்லை.

எதிர்த்து நின்றதும் ஒரு பெண்தான். அவளுக்கு எல்லாம் செய்தது அவள் அண்ணன். இந்த மெழுகல் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று அவனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவனும் கலரில் ஒரு நோட்டீஸ் அடித்தான். அவன், அவன் தம்பி, மச்சான் மூன்று பேரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு களத்தில் சாமைக் குவியலின் மேலேயே நிற்கிறார்கள். இப்போது தன்னையும் மெழுகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. அவனே போய் ஊர்க்கவுண்டரைக் கேட்டிருக்கிறான்.

"தெரியாம மிதிச்சவனுக்குத்தான்பா மெழுவறது. வேணும்னு மிதிச்சவனுக்குப் போலீசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எங்கள் மாப்பிள்ளையும் வேண்டுமென்றுதான் மிதித்தார் என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காத நாள் அது ஒன்றுதான்.

கடைசியில் தேர்தலை அறிவித்தார்கள். தங்கைக்குப் பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு அன்றைக்கே முதுகு சரியாகிவிட்டது. தங்கையைக் கூட்டிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"அண்ணி, ரெண்டாவது புக்கு போடறோம். அவசரம்."

"இன்னா கதை?"

"நான் ஒவ்வொரு ஊரா போயி களத்த மெழுவறேன். சனம் கண்ணு கலங்குது. கடைசிப் பக்கத்துல நான் நாற்காலில உக்காந்து கீறேன்."

"இவ?"

"இவ மோர் குடுக்கட்டும்."

நான் கத்தரிக்கோலை மேஜையில் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் நான் பேசியதை எழுதினால் அச்சடிக்கமாட்டார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தப் புத்தகம் வெளியே போனால் அவள் பட்ட பாடெல்லாம் இவர் கணக்கில் ஏறிவிடும். படத்தில் பார்த்ததைத்தானே சனம் நாளைக்கு நடந்தது என்று சொல்லும். கரடி விஷயத்திலேயே பாதிப் பேர் மாறிவிட்டிருந்தார்கள்.

தங்கை அதுவரை மேஜையில் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது சொன்னாள்:

"போடுக்கா."

"இன்னாடி சொல்ற?"

"போடு. ஆனா நடந்ததத்தான போடணும். பெரிய ஊரு ஒண்ணு பாக்கி கீது. அவங்களும் கூப்ட்டுக்கீறாங்க. மாமா வந்து மெழுவட்டும். நீ பாத்துட்டுப் போடு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முதுகு வேறு அன்றைக்குத்தான் சரியாகியிருந்தது.

அந்தப் பெரிய ஊரில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ரோட்டிலேயே வண்டிக்குப் பக்கத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, முள்ளில் குதித்துக் குதித்து வந்தார்.

"வூட்டுலயே வுட்டுட்டு வந்துக்கலாம்ல" என்று ஒருத்தர் கேட்டார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணியில் கையை வைத்தார். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். ஒரு கை அள்ளிப் போட்டார், தட்டினார். இன்னொரு கை அள்ளிப் போட்டார், தட்டினார்.

"இன்னா மாமா, களம் மெழுவறியா, வரட்டி தட்டறியா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்கவே இல்லை. தங்கை பக்கத்தில் குந்திக் காட்டிக் கொடுத்தாள். அவர் இழுத்த இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக வந்தது. அவள் மறுபடி அதை இழுத்துச் சரிபண்ணினாள். களத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் கேட்டார்:

"அந்தப் பொண்ணு தெரியும். அங்க நோண்டிட்டு கீறது யாருப்பா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று. நான் மேகத்தைப் பார்த்தேன். சாணிக் கையோடு எழுந்து நின்றார். 'வருங்காலத் தலைவர்' என்று இத்தனை வருஷம் வண்டியில் எழுதிக்கொண்டு சுற்றின ஆள்.

"நான்... வேட்பாளரோட வூட்டுக்காரன்."

"எந்த வேட்பாளரு?"

"தோ, இவங்கதான்" என்று தங்கையைக் காட்டினார்.

'இவ' என்று அவர் சொல்லித்தான் நான் அதுவரை கேட்டிருக்கிறேன். தங்கை நிமிரவில்லை.

"மாமா, அந்த மூலைய வுட்டுட்ட பாரு" என்றாள்.

இரண்டாவது புத்தகத்தைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ரோஸ் நிற ஓட்டுச் சீட்டுதான் தலைவர் பதவிக்கு. எண்ணி முடித்தபோது தங்கை கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தாள். எதிராளியின் அண்ணன் மறுபடி எண்ணச் சொன்னான். மறுபடி எண்ணினார்கள். அப்போதும் ஜெயித்திருந்தாள்.

அதோடு மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய். முதல் காரியமாகக் கார்டு அடித்தார். 'ஊராட்சித் தலைவரின் கணவர்' என்று போட்டு, கணவர் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் அடித்திருந்தார். ஊராட்சி அலுவலகத்துக்கு அவளுக்கு முன்னால் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஃபேன் போடச் சொன்னாராம். அவள் வந்ததும் எழுந்துகொள்வார். வர நேரமானால், வந்த பிறகும் எழுந்துகொள்ளமாட்டார். அவளும் வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டு வைத்திருந்தாள். இவ்வளவு மெழுகியும் இதுதானா என்று நினைத்தேன்.

முதல் கிராம சபைக்கு நான் போயிருந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா, மேஜை, நடுவில் ஒரு நாற்காலி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில். தங்கை வாசலில் அதிகாரிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைத் தன் வாய் உயரத்துக்குத் தூக்கி முறுக்கி, "என் அருமைப் பெரியோர்களே" என்று ஆரம்பித்தார்.

பாறைக் களத்து ஊர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"யப்பா, நீ எந்திரி. அது அந்தப் பொண்ணு சீட்டு."

"அவளுக்குப் பேசக் கூச்சம்மா. நான் அவ சார்பா..."

"எங்ககிட்ட நல்லாத்தான் பேசிச்சு. நீ எந்திரி."

இன்னொரு ஊர்ப் பெண்ணும் எழுந்தாள். பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். யாரும் கத்தவில்லை. சும்மா நின்றார்கள். மாப்பிள்ளை சிரித்துப் பார்த்தார். ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்தார். வேறு நாற்காலி இல்லை. ஆண்கள் பக்கத்துப் பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

தங்கை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக் அவள் தலைக்கு மேலே நின்றது. இறக்கப் பார்த்தாள், முறுக்கு அசையவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அது கீச்சென்று கத்தியதில் எல்லாரும் காதைப் பொத்தினார்கள். வணக்கம்கூடச் சொல்லவில்லை அவள்.

"ஓடைக்கு அந்தாண்ட தண்ணித் தொட்டிக்கு மூடி இல்ல. தகர மூடி. யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. தொட்டியில காக்கா செத்து மெதக்குது. மூடி யார் வூட்டுல கீதுன்னு எனக்குத் தெரியும்."

ஆண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அவர்களைவிட ரொம்ப நேரம் பார்த்தார். புளியைக் கொட்டி உலர்த்த அந்த மாதிரித் தகரம் தோதுதான் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"நாளைக்குக் காலையில மூடி அங்க இருக்கணும்" என்றாள்.

முதலில் தலையாட்டியது மாப்பிள்ளைதான்.